ஊமையாகப் பிறந்து ஊரையே கத்த வைத்த பான்டோமைம்

கேள்வி இது: "மைம் என்றால் வாய் திறக்காத நடிப்பு. ஆனால் பிரிட்டனில் டிசம்பர் பிறந்தால் ஊருக்கு ஊர் போடும் பான்டோமைமில் வசனமும் பாட்டும் குழந்தைகளின் கூச்சலுமாகக் காது கிழிகிறது. ஓர் ஆண் கிழவி வேடம் கட்டி வருகிறார், இளம்பெண் இளவரசனாக வருகிறார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? இதை ஏன் தேசிய நாடக மரபு என்கிறார்கள்?"

ஆரம்பத்தில் அது ஊமையாகத்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1843 வரை பெரும்பாலும் உடம்பால் மட்டுமே பேசிய கலை அது. அந்த மௌனத்தில் பாதி சட்டம் போட்ட பூட்டு, மீதி ஒரு முதலாளியின் சாமர்த்தியம். பூட்டு திறந்த பிறகு அது பேசத் தொடங்கி, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் படித்தவர்கள் அதைத் திட்டினார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் விடவில்லை. தேசிய மரபு என்ற பெயர் அப்படிக் கிடைத்ததுதான்.

வேர் இத்தாலியில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே முகமூடி கட்டிய நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின. கதை மாறும், பாத்திரங்கள் மாற மாட்டார்கள்: கஞ்சக் கிழவன் பான்டலோனே, தந்திரக்கார வேலைக்காரன் அர்லெக்கீனோ, கெட்டிக்காரப் பெண் கொலம்பீனா. இவர்கள் பாரிஸ் சந்தைகள் வழியாக லண்டன் வந்தபோது ஹார்லெக்வின், கொலம்பைன், பான்டலூன் ஆனார்கள்.

அன்றைய லண்டனில் யார் வேண்டுமானாலும் நாடகம் போட்டுவிட முடியாது. உள்நாட்டுப் போரின்போது 1642-ல் மூடப்பட்ட நாடக அரங்குகளை 1660-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் மீண்டும் திறந்தார். அப்போது இரண்டே குழுக்களுக்கு உரிமம் கொடுத்தார். வசன நாடகம் அவர்களுக்கு மட்டுமே. 1737-ல் வந்த உரிமச் சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது. மற்ற அரங்குகள் இசை, நடனம், கயிற்றில் நடப்பது, வாய் பேசாத நடிப்பு என்று பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். கதையில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டிய இடம் வந்தால் துணியில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். ஊமை நடிப்பில் தேர்ந்த ஒரு பெரிய கூட்டமே லண்டனில் உருவானதற்கு இந்தத் தடைதான் முதல் காரணம்.

ஆனால் பான்டோமைமைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்த ஜான் ரிச்சுக்கு அந்தத் தடை இல்லை. அவர் உரிமம் பெற்ற அரங்கின் சொந்தக்காரர், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கு அவருடையது. அவருக்கு இருந்த தொல்லை வேறு. எதிர்முனையில் டுரூரி லேன் அரங்கு நல்ல நடிகர்களையெல்லாம் வைத்திருந்தது. ரிச்சுக்கோ வசனம் பேச வராது, உடம்பு மட்டும் சொன்னபடி கேட்கும். 1717-ல் டுரூரி லேனில் ஜான் வீவர் என்ற நடன ஆசிரியர் பழைய ரோமானிய முறையை உயிர்ப்பிப்பதாகச் சொல்லி, செவ்வாய்க் கடவுளும் வீனஸும் காதலிக்கும் கதையை ஒரு வார்த்தை பேசாமல் நடனமாகவே போட்டார். வீவரின் நோக்கம் உயர்ந்த கலை. ரிச் அதே சரக்கை எடுத்து, புராணக் கதைக்கு நடுநடுவே ஹார்லெக்வினின் சேட்டைகளைக் கோத்து, மேடை இயந்திரங்களைப் புகுத்தி, லூன் என்ற புனைபெயரில் தானே ஹார்லெக்வினாக இறங்கினார். முட்டையை உடைத்துக்கொண்டு ஹார்லெக்வின் வெளியே வந்து முதல் முறை காலை ஊன்றும் காட்சி அவருடைய பெயருடன் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கையில் உள்ள மட்டையால் ஹார்லெக்வின் தட்டினால் கீல் வைத்த படுதாக்கள் மடங்கித் திரும்பும். வீடு தோட்டமாகும், பெட்டி நாற்காலியாகும்.

1723-ல் இரண்டு அரங்குகளும் போட்டி போட்டுக்கொண்டு டாக்டர் ஃபாஸ்டஸ் கதையை ஹார்லெக்வின் ஆட்டமாகப் போட்டன. இரண்டிலும் கூட்டம் நெரிந்தது. அடுத்த ஆண்டே ஓவியர் வில்லியம் ஹோகார்த் ஒரு கேலிப் படம் செதுக்கி விற்றார். அதில் மக்கள் ஹார்லெக்வினைப் பார்க்க முண்டியடிக்கிறார்கள், ஷேக்ஸ்பியரின் நூல்கள் பழைய காகிதமாகத் தள்ளுவண்டியில் போகின்றன. பான்டோ (பான்டோமைமின் செல்லச் சுருக்கம்) நாடகக் கலையைக் கெடுக்கிறது என்ற புகார் அப்போதே தொடங்கிவிட்டது. இன்றுவரை அது ஓயவில்லை. ரிச் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1732-ல் கோவன்ட் கார்டனில் புதிய அரங்கு கட்டிக் குடியேறினார், இன்றைய ராயல் ஆப்பரா ஹவுஸ் நிற்கும் இடம் அதுதான்.

ஷேக்ஸ்பியரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நடிகர் டேவிட் கேரிக்குக்கே பான்டோ இல்லாமல் கணக்கு ஒத்துவரவில்லை. 1747-ல் டுரூரி லேன் பொறுப்பை ஏற்ற அவர், கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி அதற்கு இடம் ஒதுக்கினார். 1759-ல் தன் நாடகம் ஒன்றில் ஹார்லெக்வினைப் பேசவே வைத்தார். ரிச் இறந்த பிறகு அந்த நாடகத்தின் முன்னுரைப் பாட்டில், ஒவ்வோர் அங்கத்துக்கும் பேச்சைக் கொடுத்தவர் அவர் என்று போட்டியாளரை மனதாரப் புகழ்ந்தார். எனக்குக் கேரிக் மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

பிறகு வந்தவர் ஜோசஃப் கிரிமால்டி. இந்த மரபில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைக்கலாம் என்றால் அது இவருடையதாகத்தான் இருக்கும்.

1778-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து வந்த மேடைக் கலைஞர். பேச்சு தெளியாத வயதிலேயே பிள்ளையை சாட்லர்ஸ் வெல்ஸ் மேடையில் ஏற்றிவிட்டார். அதுவரை கோமாளி ஒரு பட்டிக்காட்டு முட்டாள், ஹார்லெக்வின்தான் நாயகன். கிரிமால்டி முகம் முழுக்க வெள்ளை பூசி, கன்னத்தில் சிவப்பு அடையாளம் இட்டு, தலைமுடியைக் கொண்டைகளாக நிறுத்திக் கோமாளியை நடுமேடைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோமாளி தொத்திறைச்சி திருடுவான், காவலாளியை ஏமாற்றுவான், காய்கறிகளை அடுக்கி ஆள் செய்து அதனோடு சண்டை போடுவான், ராணுவ அதிகாரிகளின் பகட்டு உடையை அடுப்படிச் சாமான்களால் நையாண்டி செய்வான். பசியும் பேராசையும் மட்டுமே உள்ள ஆள். நெப்போலியனோடு போர் நடந்த, விலைவாசி ஏறிய காலத்து லண்டன் மக்களுக்கு அவனைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஆங்கிலத்தில் கோமாளிகளை ஜோயி என்று கூப்பிடுவது அவருடைய செல்லப்பெயரால்தான்.

1806 டிசம்பர் 29 அன்று கோவன்ட் கார்டனில் அரங்கேறிய வாத்துப்பாட்டிக் (மதர் கூஸ்) கதை அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. அவசரமாகத் தயாரித்தது, ஜோடனை குறைவு. நடிப்பையே நம்பி எடுத்தது. 92 முறை ஓடி, அரங்குக்கு 20,000 பவுண்டுக்கு மேல் லாபம் தந்தது. அதில் வாத்துப்பாட்டியாக நடித்தவர் ஓர் ஆண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரிமால்டியே 1814-ல் விட்டிங்டன் கதையில் சமையல்காரி வேடம் கட்டினார். இன்று பான்டோவின் உயிர்நாடியான "டேம்" என்ற கிழவி வேடத்துக்கு இவர்களெல்லாம் முன்னோடிகள்.

அதைவிட முக்கியமானது அவருடைய ஒரு பாட்டு. சுட்ட ஆப்பிள் விற்கும் கிழவி குளிருக்கு ஜின் வாங்கிக் குடித்த கதை. சரணத்தின் கடைசியில் ஜின் என்று எதுகை விழ வேண்டிய இடத்தில் கிரிமால்டி நிறுத்திவிடுவார். அரங்கமே "ஜின்!" என்று கத்தும். அவர் முகத்தைச் சுளித்து, "ஐயோ, வெட்கக்கேடு!" என்று கூட்டத்தைக் கடிந்துகொள்வார். நீங்கள் இன்று காது கிழியக் கேட்கும் கூச்சலுக்கு அடிவேர் இங்கே இருக்கிறது. மேடையில் வசனத்துக்குத் தடை இருந்த காலத்தில் பார்வையாளரின் வாயைத் திறந்தவர் அவர்.

அந்த ஆட்டத்துக்கு உடம்பு கொடுத்த விலை பெரிது. ஒரே இரவில் இரண்டு அரங்குகளில் ஆடிவிட்டு ஓடியவர், மேடைக் குழிகளிலிருந்து எகிறிக் குதித்தவர், நாற்பத்தைந்து வயதிலேயே நடக்க முடியாமல் போனார். 1828-ல் பிரிவுபசார நிகழ்ச்சியில் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடித்தார். 1837-ல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகளைச் செப்பனிட்டு வெளியிட்டவர் இளைஞராக இருந்த சார்லஸ் டிக்கன்ஸ். பென்டன்வில்லில் கிரிமால்டியின் கல்லறை உள்ள இடம் இப்போது பூங்கா. ஒவ்வொரு பிப்ரவரியிலும் லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தேவாலயத்தில் கோமாளிகள் முழு ஒப்பனையோடு கூடி அவருக்காக வழிபாடு நடத்துகிறார்கள்.

அக்காலத்துப் பான்டோ இரண்டு பகுதிகளாக இருக்கும். முதலில் சின்னதாக ஒரு தேவதைக் கதை, பெரிய காகிதக்கூழ் தலைகளை மாட்டிக்கொண்டு ஆடுவது. காதலர்களை அப்பா பிரிக்கப்போகும் தருணத்தில் தேவதை வந்து எல்லோரையும் ஹார்லெக்வின், கொலம்பைன், பான்டலூன், கோமாளி என்று உருமாற்றுவாள். அதன் பிறகு லண்டன் கடைத்தெருக்களில் ஒரு நீண்ட துரத்தல். மக்கள் காத்திருந்தது இந்த இரண்டாம் பகுதிக்காக. முதல் பகுதி வெறும் சாக்கு.

1843-ல் நாடகச் சட்டம் மாறி, வசன நாடகத்தின் ஏகபோகம் ஒழிந்தது. எல்லா அரங்குகளும் பேசலாம் என்றானதும் நிலைமை தலைகீழானது. சாக்காக இருந்த தேவதைக் கதை எதுகை மோனையும் சிலேடையுமாக வளர்ந்துகொண்டே போனது. ஹார்லெக்வின் துரத்தல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முற்றிலும் மறைந்தது. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், பூனை வளர்த்த டிக் விட்டிங்டன், அவரைக்கொடி ஏறிய ஜாக் என்று இன்றும் மாறி மாறி வரும் கதைகள் அப்போது கெட்டிப்பட்டன. இவர்களில் விட்டிங்டன் நிஜ ஆள், 1423-ல் இறந்த லண்டன் மேயர். பாத்திரங்களுக்கும் அப்போதுதான் பெயர் வந்தது. 1861-ல் ஹென்றி பைரன் எழுதிய அலாவுதீனில் அம்மாவுக்கு ட்வாங்கி என்று பெயர் வைத்தார். அப்போது சீனாவிலிருந்து வந்து விற்ற ஒரு பச்சைத் தேயிலையின் பெயர் அது. தேயிலைப் பெயர் மறந்துபோயிற்று, விதவை ட்வாங்கி ஒவ்வொரு டிசம்பரிலும் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

இளவரசனாகப் பெண் நடிப்பதற்குப் பெரிய தத்துவ விளக்கங்கள் எழுதுகிறார்கள். எளிய காரணம் ஒன்று உண்டு. விக்டோரியா காலத்தில் பெண்ணின் கணுக்கால் தெரிவதே அரிது, ஆண் வேடத்தின் இறுக்கமான காலுறையில் முழுக்கால் தெரியும். குடும்பத்தோடு வந்த அப்பாக்களுக்காக அரங்குகள் வகுத்த வழி அது. ஆனால் அந்த வேடத்தை ஏற்ற பெண்கள் அதைத் துணிச்சலான, தொடை தட்டி நிற்கும் கம்பீரமான பாத்திரமாக ஆக்கிக்கொண்டார்கள். 1956-ல் லண்டன் பலேடியம் அரங்கில் நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டம் அலாவுதீனாக வந்த பிறகு ஆண்களே இளவரசன் ஆவது பெருகிற்று. அந்தப் பழைய வழக்கம் தேய்ந்ததில் எனக்கு வருத்தம்தான்.

1879-ல் டுரூரி லேன் அகஸ்டஸ் ஹாரிஸ் கைக்குப் போனது. பிரம்மாண்டம் என்றால் இவர்தான். நூற்றுக்கணக்கானோர் அணிவகுப்பு, மின்னும் உடை, அடுக்கடுக்காய்த் திறக்கும் தேவலோகக் காட்சி. அவர் செய்த இன்னொரு காரியம்தான் பான்டோவின் குணத்தையே மாற்றியது. சாராய நெடி வீசும் மியூசிக் ஹால் கூடங்களில் பாடிக்கொண்டிருந்த நட்சத்திரங்களைக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் மேடைக்கு அழைத்து வந்தார். 37 ஆண்டுகள் அந்த அரங்குக்குப் பான்டோ எழுதிய ப்ளாஞ்சார்ட், தன் எழுத்தை வந்தவர்களெல்லாம் சிதைக்கிறார்கள் என்று நாட்குறிப்பில் குமுறினார். அவர் வேதனை நியாயமானது. ஆனாலும் ஹாரிஸ் அன்று கதவைத் திறந்திராவிட்டால் டான் லீனோ வந்திருக்க மாட்டார்.

லீனோ ஒல்லியான, குள்ளமான மனிதர். வறுமையில் வளர்ந்து, மரக்காலணி நடனத்தில் பரிசு வாங்கியவர். 1888-லிருந்து 1904 வரை ஆண்டுதோறும் டுரூரி லேனில் அவர்தான். அவருக்கு முன் கிழவி வேடம் என்றால் வெறும் கூத்து. லீனோ தன் தெருவில் பார்த்த பெண்களை மேடைக்குக் கொண்டுவந்தார்: வாடகை பாக்கிக்காரி, அடுத்த வீட்டு வம்பை மூச்சுவிடாமல் சொல்பவள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுபவள். 1902-ல் அவருக்கென்றே புதிதாக எழுதிய வாத்துப்பாட்டியில், பொன்முட்டை வாத்தால் பணக்காரியானவள் அழகுக்கு ஆசைப்பட்டு அந்த வாத்தையே இழக்கிறாள். சிரிப்பு மூட்டியவர் கூட்டத்தை அழவும் வைத்தார். மனநோயில் சிகிச்சை பெற்று மீண்டும் மேடையேறி, 1904-ல் 43 வயதில் இறந்தார். இன்று எந்த ஊரில் எந்த டேம் வந்து நின்றாலும் அவர் லீனோவின் வாரிசுதான். நடிகர் இயன் மெக்கெல்லன் 2022-ல் தன் எண்பத்து மூன்றாம் வயதில் வாத்துப்பாட்டியாக நாடெங்கும் சுற்றியதும் அதே தடத்தில்தான்.

பிரம்மாண்டத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. டுரூரி லேனில் 1901-ல் போட்ட நீலத்தாடிக் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் அதன் பகல் காட்சி நடக்கையில் விளக்குப் பொறி படுதாவில் பட்டுத் தீப்பிடித்து, 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த பெண்களும் குழந்தைகளும். அரங்குகளின் வெளியேறும் கதவுகள் பற்றிய விதிகள் பல நாடுகளில் கடுமையானதற்கு அந்தத் துயரம் ஒரு காரணம்.

இன்று ஒரு பான்டோவுக்குப் போனால் என்ன நடக்கும்? தேவதை மேடையின் வலப்பக்கத்திலிருந்து வருவாள், வில்லன் இடப்பக்கத்திலிருந்து. இடைக்கால மத நாடகங்களில் சொர்க்கமும் நரகமும் இருந்த திசைகள் அவை என்பது வழிவழியாகச் சொல்லும் விளக்கம். வில்லன் தலை தெரிந்ததும் ஊளையிட வேண்டும். அவன் "ஆமாம்" என்றால் கூட்டம் "இல்லவே இல்லை" என்று திருப்பிக் கத்தும். பேய் பின்னால் வந்து நிற்கும், "உன் பின்னாடி! உன் பின்னாடி!" என்று குழந்தைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள், நாயகன் மட்டும் தப்பான பக்கமே திரும்புவான். இரண்டு பேர் ஒரு மாட்டுத் தோலுக்குள் ஆடுவார்கள். மாவும் நுரையும் மேடையெங்கும் கொட்டும். கடைசிக்கு முன் படுதாவில் பாட்டு வரிகளைக் காட்டி அரங்கை இரண்டாகப் பிரித்துப் பாட வைப்பார்கள், பின்னால் உடை மாற்றி மேடை ஜோடிக்க அந்த நேரம் வேண்டும். நிறைவு ஈரடியை ஒத்திகையில் யாரும் சொல்ல மாட்டார்கள், முதல் காட்சி அன்றுதான் அது வாயிலிருந்து வரும். சொன்னால் ஆகாது என்பது நடிகர்களின் நம்பிக்கை.

குழந்தைக்கு ஒரு நகைச்சுவையும் பெரியவருக்கு இன்னொன்றும் ஒரே வரியில் ஒளிந்திருக்கும். உள்ளூர் நகராட்சி முதல் பிரதமர் வரை எல்லோரும் கிண்டலுக்கு ஆளாவார்கள். ஊருக்கு ஊர் வசனம் மாறும், ஆகவே நியூகாசிலில் பார்த்ததை பர்மிங்ஹாமில் பார்க்க முடியாது. பிரிட்டனில் ஏராளமான குழந்தைகள் முதன்முதலாக நாடக அரங்குக்குள் நுழைவது இதற்காகத்தான், அங்கே குடியேறிய நம்மவர் பிள்ளைகளும்தான். அரச குடும்பமும் விலக்கில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1944 வரை விண்ட்சர் கோட்டையில் போர் நிதிக்காகப் போட்ட பான்டோக்களில், பின்னாளில் ராணியான எலிசபெத் இளவரசி பெரும்பாலும் ஆண் வேடம் கட்டினார். 1943-ல் அவர் அலாவுதீனாக ஆடியதைப் பார்க்க வந்தவர்களில் பின்னாளில் அவருடைய கணவரான ஃபிலிப்பும் ஒருவர்.

இதன் பணக் கணக்கும் முக்கியம். வெளியூர் அரங்குகள் பலவற்றுக்குப் பான்டோ ஐந்தாறு வாரங்களில் ஈட்டித் தருவதுதான் ஆண்டு முழுவதும் மற்ற நாடகங்களைத் தாங்குகிறது. கொரோனாவால் 2020 டிசம்பரில் காட்சிகள் நின்றபோது அரங்குகள் அவ்வளவு பதறியது அதனால்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய சீனாவில் நடப்பதாகக் காட்டிய அலாவுதீனில் வெள்ளை நடிகர்கள் சீன முகம் போட்டு, பெயர்களையும் உச்சரிப்பையும் கேலி செய்த வழக்கம் வெகுகாலம் இருந்தது. பல அரங்குகள் கதைக்களத்தை மாற்றியிருக்கின்றன, சில அந்தக் கதையையே ஒதுக்கிவிட்டன. இது மரபைக் கெடுக்கும் வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹார்லெக்வினையே உதறிவிட்டு வந்த மரபுக்கு ஒரு கெட்ட நகைச்சுவையை உதறுவது கஷ்டமில்லை. கிழக்கு லண்டனின் ஹாக்னி எம்பயர் அரங்கு 1998-லிருந்து, தன்னைச் சுற்றி வாழும் பல இன மக்களின் இசையோடும் பேச்சோடும் பான்டோ போடுகிறது. அங்கே பல ஆண்டுகள் டேமாக நடித்த க்ளைவ் ரோ, கறுப்பினக் கலைஞர், அந்த வேடத்துக்காக பிரிட்டனின் பெரிய நாடக விருதான ஒலிவியர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்.

பான்டோ பிரிட்டனுக்கு மட்டுமே உரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை நம்புவதற்கு முன் ஜமைக்காவைப் பார்க்க வேண்டும்.

1941-ல் ஹென்றி ஃபௌலரும் கிரெட்டா பர்க்கும் தொடங்கிய லிட்டில் தியேட்டர் மூவ்மென்ட், ஓர் அரங்கு கட்ட நிதி திரட்டுவதற்காக அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று கிங்ஸ்டனின் வார்ட் தியேட்டரில் ஜாக்கும் அவரைக்கொடியும் போட்டது. அச்சு அசல் ஆங்கிலச் சரக்கு. 1943-லேயே உள்ளூர்க் கதை ஒன்று மேடையேறியது. 1949-ல் பெண் கவிஞர் லூயிஸ் பென்னெட்டும் நோயல் வாஸும் நீலத்தாடிக் கதைக்குள் அனான்சியை நுழைத்தார்கள். அனான்சி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் நெஞ்சில் சுமந்து வந்த தந்திரச் சிலந்தி, பலவான்களை ஏமாற்றிப் பிழைப்பவன். கொச்சை என்று பள்ளிகளில் அடக்கப்பட்ட ஜமைக்கப் பேச்சுமொழியிலேயே பென்னெட் பேசினார், பாடினார். லண்டனின் நாடகக் கல்லூரியில் பயின்று திரும்பியவர் அவர், வேண்டுமென்றேதான் அந்த மொழியை எடுத்தார். நகைச்சுவை நடிகர் ரான்னி வில்லியம்ஸும் அவரும் சேர்ந்து மேடையேறினால் ஊரே திரளும்.

1961-ல் சொந்த அரங்கு எழுந்தது, மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது. ஆங்கிலத் தேவதைக் கதைகள் மெல்ல உதிர்ந்து, உள்ளூர் அரசியலும் சந்தைப் பேச்சும் நாட்டுப்புறப் பாட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. 1969-லிருந்து பார்பரா க்ளவ்டன் பல பத்தாண்டுகள் அதற்கு எழுதினார். அதன் பெயரே தேசிய பான்டோமைம்தான். பிரிட்டனில் யாரும் இப்படிப் பெயர் சூட்டவில்லை, ஜமைக்கர்கள் சூட்டினார்கள்.

உங்களுக்குப் பார்க்க வாய்ப்பு இருந்தால் ஒரு யோசனை. தொலைக்காட்சி நட்சத்திரங்களின் படம் பெரிதாகப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து மயங்காமல், அந்த ஊர் அரங்கே சொந்தமாகத் தயாரிக்கும் பான்டோவாகத் தேடிப் போங்கள். ஆண்டுக்கணக்காக ஒரே டேம் நடிக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்கும் கூட்டத்துக்கும் இடையே பேச்சு ஏற்கெனவே பழகியிருக்கும். முதல் வரிசை டிக்கெட் எடுக்கும்போது மட்டும் யோசித்து எடுங்கள். உங்கள் மேல் தண்ணீர் தெளிக்கும், டேம் உங்களில் ஒருவரைத் தன் காதலன் என்று பெயர் சொல்லி அழைத்துக் கடைசிவரை விட மாட்டார்.